அன்றாட மன அழுத்தமும் முறையான உடற்பயிற்சியும்: தருமபுரி மாவட்டச் சூழல்

அன்றாட மன அழுத்தம் என்பது பணம், வேலை, குடும்பம், படிப்பு, உடல்நலம் ஆகியவற்றால் வரும் நெருக்கடிகளுக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை ஆகும். இது ஒரு நோய் அன்று. ஆனால் ஓய்வின்றி மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கம், செரிமானம், இரத்த அழுத்தம், நினைவாற்றல், உறவுகள் என எல்லாவற்றையும் பாதிக்கிறது. இதைத் தணிக்கச் செலவின்றி, மருந்தின்றிக் கிடைக்கும் வழிகளில் முறையான உடற்பயிற்சி முதன்மையானது.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 15 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். அவர்களில் 100க்கு 80க்கும் மேற்பட்டோர் கிராமங்களில் உள்ளவர்கள். பகலெல்லாம் உடலால் உழைப்பவர்கள் மிகுந்த இத்தகைய மாவட்டத்தில், "வேலையே உடற்பயிற்சிதானே, தனியாக எதற்கு?" என்ற கேள்வி இயல்பாக எழும். உழைப்பும் உடற்பயிற்சியும் மனத்துக்குச் செய்வது ஒன்றல்ல என்பதே இதற்கு ஆய்வுகள் தரும் விடை.

மன அழுத்தத்தின்போது உடலில் நடப்பவை

ஆபத்தை எதிர்கொள்ளும் உயிரினம் சண்டையிடும் அல்லது தப்பி ஓடும். அதற்காக உடல் தன்னை எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பலவகைத் தாக்கங்களுக்கும் உடல் ஒரே மாதிரியான எதிர்வினையைக் காட்டுகிறது என்பதை 1936இல் ஹான்ஸ் செல்யே எடுத்துரைத்தார். இன்றைய மன அழுத்த ஆய்வுகள் பலவும் இவ்விருவர் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தவை.

மூளை ஒரு நெருக்கடியை உணர்ந்தவுடன் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. அடுத்த கட்டமாக ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி ஆகியவற்றின் தூண்டுதலால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் சுரந்து, இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி ஆற்றலைத் தருகிறது.

பாம்பைக் கண்டு விலகி ஓடுபவருக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும். ஓடி முடித்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வங்கிக் கடனின் தவணை நாள், பெய்யாத மழை, சந்தையில் விழுந்த தக்காளி விலை, பிள்ளையின் பொதுத்தேர்வு மதிப்பெண் ஆகியவற்றிலிருந்து ஓட முடியாது. உடல் ஓடுவதற்கு ஆயத்தமாகி, ஓடாமலேயே நாட்கணக்கில் நிற்கிறது. கழுத்துப் பிடிப்பு, தலைவலி, வயிற்று எரிச்சல், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு, காரணமில்லாத எரிச்சல், மறதி ஆகியவை இந்த நிலையில் பரவலாகக் காணப்படும் அறிகுறிகள்.

உடற்பயிற்சி எவ்வாறு உதவுகிறது

உடற்பயிற்சியின்போதும் இதயம் வேகமாகத் துடிக்கிறது, அட்ரினலினும் சுரக்கிறது. கடுமையாகச் செய்தால் கார்ட்டிசாலும் கூடுகிறது. அதாவது உடற்பயிற்சியே ஒரு சிறு அழுத்தம்தான். ஆனால் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிந்தபின் துணைப் பரிவு நரம்பு மண்டலம் உடலை அமைதிக்குக் கொண்டுவருகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வாரத்தில் பல நாள் பழகும் உடல், நெருக்கடியிலிருந்து இறங்கி வருவதையும் பழகிக்கொள்கிறது என்று கருதப்படுகிறது. முறையாகப் பயிற்சி செய்பவர்களின் ஓய்வுநிலை இதயத் துடிப்பு குறைவாக இருப்பது இதன் வெளிப்படையான அடையாளங்களுள் ஒன்று.

மூளையிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன. பயிற்சிக்குப் பின் தோன்றும் இதமான உணர்வுக்கு எண்டார்பின்களே காரணம் என்று நெடுநாள் கூறப்பட்டது. இரத்தத்தில் கூடும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் புகுவதில்லை என்பதால், உடலே உருவாக்கும் கன்னாபினாய்டு வகைப் பொருள்களுக்கும் இதில் பங்கு இருப்பதாக இப்போது கருதப்படுகிறது. நரம்பணுக்களைப் பேணும் வளர்ச்சிப் புரதங்களும் கூடுகின்றன.

இவற்றோடு மூன்று எளிய காரணங்களும் உண்டு. பயிற்சி செய்பவர் நன்றாகத் தூங்குகிறார். தூக்கம் சீரானால் மறுநாளின் எரிச்சல் பாதியாகும். நடக்கும்போதும் விளையாடும்போதும் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் தடைபடுகிறது. தன் கையில் எதுவும் இல்லை என்று எண்ணுபவருக்கு, நாளில் அரை மணி நேரமாவது தன் விருப்பப்படி நடக்கிறது என்ற உணர்வு கிடைக்கிறது.

ஆய்வுகள் காட்டுவது

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. மனச்சோர்வு நோயுடைய 156 முதியவர்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் உடற்பயிற்சி மட்டும் செய்தனர்; இன்னொரு பிரிவினர் செர்ட்ராலின் என்னும் மருந்தை மட்டும் எடுத்தனர்; மூன்றாம் பிரிவினர் இரண்டையும் மேற்கொண்டனர். 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தனர். மருந்து வேலை விரைவாகத் தொடங்கியது. உடற்பயிற்சி மெதுவாக அதை எட்டிப் பிடித்தது. இது மருத்துவர் கண்காணிப்பில் நடந்த ஆய்வு. மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

2011இல் வெளியான மற்றொரு ஆய்வில் 120 முதியவர்கள் ஓராண்டு பின்தொடரப்பட்டனர். அவர்களில் முறையாக நடைப்பயிற்சி செய்த பிரிவினருக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் அளவு சுமார் 2 விழுக்காடு கூடியது. நீட்சிப் பயிற்சி மட்டும் செய்த பிரிவினருக்கு அது சற்றுக் குறைந்தது. நீடித்த மன அழுத்தத்தால் பாதிக்கப்படும் மூளைப் பகுதிகளில் இதுவும் ஒன்று என்பதால் இம்முடிவு கவனம் பெற்றது.

உழைப்பும் உடற்பயிற்சியும்

1953இல் பிரித்தானிய மருத்துவர் ஜெரமி மாரிஸ், லண்டன் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து ஒரு வேறுபாட்டைக் கண்டார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வேலையில் உள்ள அசைவு உடலுக்கு நல்லது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

ஆனால் எல்லா வேலை அசைவும் ஒன்றல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் ஹோல்டர்மன் முதலிய ஆய்வாளர்கள், ஓய்வு நேரத்தில் செய்யும் உடலியக்கம் உடல்நலத்தைக் கூட்டுவதையும், கடினமான தொழில்சார்ந்த உடலுழைப்பு அதே நன்மையைத் தராததையும் எடுத்துக்காட்டினர். மனநலத்திலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஓய்வுநேர உடலியக்கம் நல்ல மனநலத்தோடும், வேலைசார்ந்த உடலுழைப்பு மனநலக் குறைவோடும் தொடர்புற்றிருந்தன. கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு வருமானம் குறைவு, கவலைகள் மிகுதி என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் உழைப்பின் இயல்பிலேயே சில வேறுபாடுகள் உள்ளன.

- உடற்பயிற்சி அரை மணியில் முடியும். கூலி வேலை எட்டு மணி நேரம் நீளும். நாள் முழுதும் உயர்ந்தே இருக்கும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்குவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை.
- நடையில் உடல் முழுதும் அசைகிறது. களை எடுப்பதிலும் நாற்று நடுவதிலும் முதுகு மணிக்கணக்கில் வளைந்தே இருக்கிறது. செங்கல் சுமப்பதில் ஒரே மூட்டுகள் தேய்கின்றன.
- உடற்பயிற்சியில் களைத்தால் நிறுத்தலாம். வேலையில் மேற்பார்வையாளரோ, வண்டியோ, வானமோதான் அதைத் தீர்மானிக்கும்.
- உடற்பயிற்சியின்போது மனம் கவலையிலிருந்து விலகுகிறது. வேலையின்போது கவலையின் மூலமே கண்முன் நிற்கிறது. காய்ந்த வயலில் நடப்பது அந்த வயலின் உரிமையாளருக்கு நடைப்பயிற்சி ஆகாது.

2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வுத் தொடரில் தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 14,227 பேரின் உடலியக்கம் அளவிடப்பட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் உடலை இயக்குபவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அசைபவர்களும் பெரும்பாலும் வேலைக்காகவே அசைகின்றனர் என்பதை இது காட்டுகிறது.

தருமபுரி மாவட்டச் சூழல்

மாவட்டத்தின் வேளாண்மை பெரிதும் மழையையும் கிணற்றையும் நம்பியது. கேழ்வரகு, சாமை, மரவள்ளி, மா, பாலக்கோடு பகுதியின் தக்காளி, பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவை முக்கிய வாழ்வாதாரங்கள். இவை ஒவ்வொன்றிலும் ஒரு நிச்சயமின்மை உண்டு. தக்காளி விலை சில வாரங்களிலேயே பல மடங்கு ஏறி இறங்கும். பட்டுப்புழுக்கள் கூடு கட்டுவதற்கு முந்தைய நாட்களில் இரவு பகலாக இலை கேட்கும். அந்த நாட்களில் வளர்ப்பவருக்குத் தூக்கம் இராது. வேலை தேடி பெங்களூரு, ஓசூர், திருப்பூர் செல்பவர்களின் குடும்பங்களில் முதியவர்களும் பிள்ளைகளும் தனித்து வாழும் நிலை உள்ளது.

உட்கார்ந்த வேலையும் வளர்ந்து வருகிறது. அரசு அலுவலகங்கள், வங்கிகள், கடைகள், தையலகங்கள், சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள், பேருந்துகள் ஆகியவற்றில் பணிபுரிபவர்களுக்கு உடல் ஓய்ந்தும் மனம் ஓயாமலும் இருக்கும் நிலை ஏற்படுகிறது. இவர்களுக்குத் தேவை அசைவு. வயலில் உழைப்பவருக்குத் தேவை வேறுவகை அசைவும் ஓய்வும். ஆகவே ஒரே பயிற்சி இருவருக்கும் பொருந்தாது.

எவ்வளவு, எந்த வகை

உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கமோ, 75 முதல் 150 நிமிடங்கள் தீவிர உடலியக்கமோ செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் வேண்டும். இந்த அளவை எட்ட முடியாவிட்டாலும், சிறிதளவு செய்வது ஒன்றுமே செய்யாததைவிட நல்லது என்று அவ்வழிகாட்டுதல் கூறுகிறது.

மிதமான வேகத்தை அறியக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பேசவும் மூச்சு வாங்கினால் அது தீவிர வேகம்.

நாளுக்கு 10,000 அடிகள் என்ற கணக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்விலிருந்து பிறந்தது அன்று. அமெரிக்காவில் முதிய பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், சுமார் 4,400 அடிகளிலேயே இறப்பு வாய்ப்பு குறையத் தொடங்கியது. சுமார் 7,500 அடிகளுக்குமேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

மன அழுத்தத்துக்குப் பயன்படும் பயிற்சிகளை நான்காகப் பிரிக்கலாம்.

- விரைநடை, மிதிவண்டி, நீச்சல், மெதுவோட்டம் போன்ற மூச்சுப் பயிற்சிகள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் இவற்றின் பயன் நன்கு அறியப்பட்டது.
- தண்டால், பஸ்கி, தோப்புக்கரணம் போன்ற தசை வலுப் பயிற்சிகள். கருவிகள் தேவையில்லை.
- யோகாசனம், நீட்சி, மெதுவான மூச்சு. நிமிடத்துக்கு ஆறு முறை அளவில் நிதானமாக மூச்சு விடுவது உடலை அமைதிப்படுத்துகிறது. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன.
- கபடி, கைப்பந்து, சிலம்பம் போன்ற விளையாட்டுகள். உடலசைவோடு நட்பும் கிடைப்பதால் இளைஞர்கள் இவற்றை விட்டுவிடாமல் தொடர்வது எளிது.

பகல் முழுதும் குனிந்து உழைத்தவர் மாலையில் மீண்டும் ஓடத் தேவையில்லை. இடுப்பைப் பின்னோக்கி மெதுவாக வளைத்தல், தோள்களைச் சுழற்றல், காலை நீட்டிப் பின்தொடையைத் தளர்த்தல், பத்து நிமிடம் கைவீசி நடத்தல், ஐந்து நிமிடம் நிதானமாக மூச்சு விடுதல் ஆகியவை போதும். வேலையில் வளைந்த உடலுக்கு எதிர்த்திசையில் அசைவு தருவதே இதன் நோக்கம்.

தொடங்கும் முறை

மன அழுத்தத்தைப் பொறுத்தவரை ஒரே நாளில் இரண்டு மணி நேரம் செய்வதைவிட, வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் செய்வது பழக்கமாக நிலைக்கும். புதிதாகத் தொடங்குபவர் பின்வருமாறு அளவைக் கூட்டலாம்.

- முதல் வாரம்: நாளுக்கு 10 நிமிட நடை, ஐந்து நாட்கள். வேகம் முக்கியமல்ல, அதே நேரம் முக்கியம்.
- இரண்டாம் வாரம்: 15 நிமிடங்கள். இறுதி 3 நிமிடங்கள் மெதுவாக நடந்து மூச்சைச் சீராக்குதல்.
- மூன்றாம் வாரம்: 20 முதல் 25 நிமிடங்கள். இரண்டு நாட்கள் தோப்புக்கரணம், சுவரில் கையூன்றித் தண்டால், தலா 10 முறை.
- நான்காம் வாரம்: 30 நிமிடங்கள். ஐந்து நாட்களில் 150 நிமிடங்கள் நிறைவடையும்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடையின்போது கைப்பேசியில் வாட்ஸ்அப் பார்ப்பதும், கடன் கணக்குப் பேசுவதும் பயனைக் குறைக்கும்.

நடை பாதைகளும் குழுக்களும்

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் 38 மாவட்டங்களிலும் தலா 8 கி.மீ. நீள நடைப்பாதையை அடையாளப்படுத்துவது இத்திட்டம். முழுத் தொலைவையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தருமபுரி நகரில் மாவட்ட விளையாட்டரங்கமும், கிராமங்களில் பள்ளி மைதானங்களும் ஏரிக்கரைகளும் நடைக்கு ஏற்றவை.

பெண்களுக்கு இடத்தைவிட நேரமும் துணையுமே பெரிய தடை. விடியலில் தண்ணீர், சமையல், ஆடு மாடு; பகலில் வேலை; இரவில் மீண்டும் சமையல். தனியே நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கமும் தெருநாய், இருட்டு பற்றிய அச்சமும் உண்டு. இதற்கு மாவட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. சேமிப்புக்காகக் கூடும் பத்துப் பதினைந்து பெண்கள் கூட்டத்துக்கு முன்னோ பின்னோ அரை மணி நேரம் சேர்ந்து நடந்தால் துணை, பாதுகாப்பு, பேச்சு மூன்றும் ஒருங்கே கிடைக்கும். குழுவாக நடக்கும் பெண்களைப் பற்றி ஊர் சில நாட்கள்தான் பேசும். வீட்டு வேலையில் ஒரு பங்கைக் குடும்பத்தினர் ஏற்றுக்கொண்டால்தான் அந்த அரை மணி நேரம் அவருடையதாகும்.

கவனிக்க வேண்டியவை

- வெயில்: மார்ச் முதல் மே வரை காலை 7 மணிக்கு முன்போ மாலை வெயில் தாழ்ந்த பின்போ பயிற்சி செய்ய வேண்டும். தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம் தோன்றினால் உடனே நிழலுக்குச் சென்று உடலைக் குளிர்விக்க வேண்டும். குழப்பம் தொடர்ந்தால் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.
- மூட்டு வலி: மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. நெடுங்காலம் புளூரைடு மிகுந்த நீரைக் குடித்தவர்களுக்கு மூட்டு, முதுகெலும்பு இறுக்கம் இருக்கலாம். அவர்கள் குதித்தல், ஓடுதல் தவிர்த்து, மருத்துவரைக் கேட்டு மென்மையான பயிற்சிகளைத் தேர்வது நல்லது.
- நீரிழிவு: இன்சுலின் அல்லது சர்க்கரை குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கக் கூடாது, கையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். வெறுங்காலில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும்.
- இதயம்: நடக்கும்போது நெஞ்சு வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் கடும் பயிற்சியைத் தொடங்குமுன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் இப்பரிசோதனைகளை வீட்டுக்கே வந்து செய்கின்றனர்.

உடற்பயிற்சியால் ஆகாதவை

உடற்பயிற்சி கடனை அடைக்காது, மழையைக் கொண்டுவராது, குடும்ப வன்முறையை நிறுத்தாது. அழுத்தத்தின் காரணம் வெளியே இருக்கும்போது, "நடந்தால் சரியாகிவிடும்" என்று ஒருவரிடம் சொல்வது அவருடைய துன்பத்தை அவர் தலையிலேயே கட்டுவதாகும். காரணத்தைத் தீர்க்க வேறு முயற்சிகள் தேவை. அம்முயற்சிகளை மேற்கொள்ளத் தேவையான தூக்கத்தையும் தெளிவையும் உடலுக்கு மீட்டுத் தருவதே உடற்பயிற்சியின் பங்கு. மது தரும் மறதி சில மணி நேரத்தில் கலைந்து, தூக்கத்தையும் பணத்தையும் சேர்த்தே கெடுக்கும். நடை அவற்றைக் கெடுப்பதில்லை.

இரண்டு வாரங்களுக்கும் மேலாக எதிலும் நாட்டமின்மை, தொடர்ந்த தூக்கமின்மை, பசியின்மை, வேலைக்குச் செல்ல இயலாமை, தன்னைப் பயனற்றவராக எண்ணுதல் ஆகியவை இருந்தால் அது அன்றாட மன அழுத்தத்தைத் தாண்டிய நிலை. அப்போது உடற்பயிற்சியை மட்டும் நம்பியிராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை மாவட்டத்தின் எப்பகுதியினரும் அணுகலாம்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே தொடர்புகொள்ளலாம். மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அத்தகைய எண்ணத்தைச் சொல்பவரைத் தனியே விடாமல் உடனிருப்பதும், வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லி மருந்தை அவர் கைக்கு எட்டாதபடி அகற்றுவதும் உடனடியாகச் செய்ய வேண்டியவை.